ரெட்ரோ ஷூ: தமிழில் எப்படிச் சொல்வது?

தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஷூ கடைக்குப் போய் "ரெட்ரோ மாடல் இருக்கா?" என்று கேட்டால் மூன்று விதமான சரக்கு வந்து விழும். ஒன்று, பழைய சாயல் தெரியும்படி இந்த வருடம் புதிதாக வரைந்த ஷூ. இன்னொன்று, பத்து இருபது வருடமோ நாற்பது வருடமோ முன்னால் நிஜமாகவே விற்ற மாடலை அதே கம்பெனி மறுபடி செய்து இறக்கியது. மூன்றாவது, அந்த மாடலைப் பார்த்து வேறு யாரோ தைத்தது. இதைத்தான் "ஃபர்ஸ்ட் காப்பி" என்று பல்லைக் காட்டிக்கொண்டு சொல்வார்கள். மூன்றுக்கும் பெயர் ரெட்ரோ. சொல் இப்படித் தொளதொளவென்று இருந்தால் நஷ்டம் வாங்குகிறவருக்குத்தான்.

லத்தீன் மொழியில் 'ரெட்ரோ' என்றால் பின்னோக்கி. ஆங்கிலத்தில் அது நெடுங்காலம் வேறு சொற்களின் தலையில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. விண்கலத்தின் வேகத்தைக் குறைக்க எதிர்த்திசையில் எரிப்பதற்கு ரெட்ரோ ராக்கெட் என்று பெயர். தனிச்சொல்லாக அதை உலவவிட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1970களின் தொடக்கத்தில் அங்கே 1940களின் உடை, சிகையலங்காரம், சினிமா மீது ஒரு மோகம் பிறந்தது. 'பின்னோக்கிப் பார்க்கிற' என்று பொருள்படும் 'ரெட்ரோஸ்பெக்டிஃப்' வாய்வழக்கில் 'ரெட்ரோ' என்று சுருங்கியது. சில வருடங்களில் ஆங்கிலமும் அதை எடுத்துக்கொண்டது.

இதே குடும்பத்தில் இன்னொரு சொல் நம் பக்கத்து ஆட்களுக்கு ஏற்கெனவே பழக்கம். கிரகம் பின்னோக்கிப் போவதுபோலத் தெரிவதை ஆங்கிலத்தில் 'ரெட்ரோகிரேட்' என்பார்கள். நாம் வக்கிரம் என்போம். திருநள்ளாற்றுக்குப் போகிறவர்களிடம் சனி வக்கிரம், வக்கிர நிவர்த்தி என்று சொன்னால் விளக்கமே தேவைப்படாது. ஆனால் அந்த வழியில் போய் 'வக்கிர ஷூ' என்று பலகை மாட்டினால் கடை விளங்காது.

ஷூ உலகத்தில் இந்தச் சொல்லுக்குப் பொருள் கொஞ்சம் நகர்ந்தது. நைக்கி நிறுவனம் 1985இல் இறக்கிய ஏர் ஜோர்டான் 1 கூடைப்பந்து ஷூவை 1994இல் மறுபடி இறக்கியது. அப்போது அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை; தள்ளுபடியில் போட்டுத்தான் பல ஜோடிகள் தீர்ந்தன. பிற்பாடு காற்று மாறியது, 'ரெட்ரோ' என்பது மாடலின் பெயரிலேயே சேர்ந்துகொண்டது. சாயலைக் குறித்த சொல் மறுதயாரிப்பைக் குறிக்கும் சொல்லானது இப்படித்தான். ஓட்டத்துக்கான ஷூக்களும் அதே பாதையில் வந்தன. ஆசிக்ஸ் நிறுவனத்தின் ஜெல்-கயானோ 14, 2008இல் நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்காக வந்த ஷூ. 2020ஐ ஒட்டி அது திரும்பி வந்தபோது ஓட்டப் பிரிவில் வைக்கப்படவில்லை, 'ஸ்போர்ட்ஸ்டைல்' என்ற, அழகுக்குப் போட்டுக்கொள்கிற ஷூக்களின் பிரிவில் வைக்கப்பட்டது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்?

'பழம்பாணி' நல்ல சொல்தான். ஆனால் அது சாயலை மட்டும் சொல்கிறது. முதல் வகைக்குப் போதும், இரண்டாவதற்குப் போதாது. 'மறுவெளியீடு' பழைய சினிமா திரும்பத் தியேட்டருக்கு வரும்போது சொல்வது. அங்கே ஓடுவது அதே படம். இங்கே ஷூ புதிதாகச் செய்யப்படுகிறது. 'மீட்டெடுத்தது' என்று மாப்பிள்ளைச் சம்பாவையும் கருப்புக் கவுனியையும் சொன்னால் பொருந்தும், விதை கைவிட்டுப் போகவிருந்த நெல் அவை. கம்பெனி தானே நிறுத்தித் தானே தொடங்கிய ஷூவுக்கு அவ்வளவு பெரிய வார்த்தை வேண்டாம். 'மறுபதிப்பு' ஏறக்குறையப் பொருந்துகிறது. ஆனால் சரசுவதி மகால் நூலகத்தில் மறுபதிப்பு என்று வாங்கும் புத்தகத்தில் பழைய பதிப்பின் வரிகளே இருக்கும் என்று நம்பி வாங்குகிறோம். ஷூவில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை.

என் ஓட்டு 'மறுவார்ப்பு' என்ற சொல்லுக்கு. புதிதாக நான் கட்டியதில்லை, ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதுதான். சுவாமிமலைப் பட்டறைகளில் வார்ப்பு என்பது அன்றாடச் சொல். மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடு காட்டி மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதே நடராஜர் இன்னொன்று வேண்டுமென்றால் மெழுகிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் முந்தையதுபோல இருக்குமே தவிர முந்தையதாக இருக்காது. ஷூ அடிப்பாகத்துக்கான இரும்பு அச்சை ஒவ்வொரு முறையும் உடைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் பழைய அச்சு தேய்ந்தோ கழித்துக் கட்டப்பட்டோ போயிருந்தால் புதிதாக வெட்டியாக வேண்டும். பழைய மாடலை ஞாபகம் வைத்திருப்பவர்கள் மூக்குப் பகுதி தடித்துவிட்டது, குதிகால் வளைவு மாறிவிட்டது என்று குறைபடுவது அங்கிருந்துதான் வருகிறது. அச்சு அசலாக இல்லை என்கிறார்கள். அச்சே வேறு என்றால் எப்படி இருக்கும்?

நியூ பேலன்ஸ் நிறுவனத்தின் 2002ஆர் மாடல் இதற்கு நல்ல சாட்சி. 2010இல் வந்த 2002 மாடலின் மேல்பாகத்தை வைத்துக்கொண்டு, அடிப்பாகத்தை 860 வரிசையின் இரண்டாம் மாடலிலிருந்து எடுத்து 2020இல் இறக்கினார்கள். பெயர் ஒரு ஷூவுடையது, உள்ளங்கால் இன்னொரு ஷூவுடையது. இதை மறுபதிப்பு என்று சொல்ல நாக்கு வராது. மறுவார்ப்பு என்று தாராளமாகச் சொல்லலாம்.

'மறுவார்ப்புக் காலணி' என்று முழுத்தமிழாக எழுதலாமே என்றால், எழுதலாம். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் விலையில்லாக் காலணி தவிர அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. மறுவார்ப்பு ஷூ என்பதே போதும்.

இந்தச் சொல் மிகவும் தேவைப்படுவது அதிகாலையில் தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கத்திலும் கல்லணைக் கால்வாய்க் கரையிலும் ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு. போலீஸ் தேர்வுக்கு ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். கடையில் மறுவார்ப்பு ஒன்றைக் காட்டி "அண்ணே, இது ரன்னிங் ஷூதானே?" என்று கேட்டால் "ஆமா தம்பி, ரன்னிங் ஷூதான்" என்று பதில் வரும். பொய் இல்லை, ஒரு காலத்தில் அது ரன்னிங் ஷூதான். கனமும் மெத்தையும் அந்தக் காலத்துக் கணக்கு. அதே காசுக்கு இப்போதைய ஓட்ட மாடல் ஒன்று கிடைத்தால் பயிற்சிக்கு அதுதான் நல்லது. மறுவார்ப்பை டீக்கடைக்கும் கல்யாணத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு கிளைச்சொல்: 'டெட்ஸ்டாக்'. அன்றைக்கே செய்து, விற்காமல், பெட்டியிலேயே கிடந்த அசல் ஜோடி. இதற்கு வணிகர்கள் வாயில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: தேங்கின சரக்கு. மறுவார்ப்பைவிட இதுதான் மேல் என்று தேடிப்போகிறவர்கள் உண்டு. நம் ஊரில் எச்சரிக்கை வேண்டும். பல பழைய ஷூக்களின் அடிப்பாகத்தில் மெத்தையாக இருக்கும் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்ற நுரை. காற்றிலுள்ள ஈரம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். வேதியியல் பாடத்தில் நீராற்பகுப்பு என்று படித்தோமே, அதுதான். ஐப்பசி கார்த்திகை ஈரத்தைப் பல வருடம் குடித்த ஜோடி வெளிப்பார்வைக்குப் புத்தம் புதிதாக இருக்கும், காலில் மாட்டி நான்கு எட்டு வைத்தால் அடிப்பாகம் புட்டு மாதிரி உதிரும். இ.வி.ஏ. என்ற வேறொரு நுரையில் செய்தது அப்படி உதிராது, இறுகிக் கட்டையாகிவிடும். எதுவாக இருந்தாலும் குதிகாலுக்குக் கீழே உள்ள நடு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும். அழுத்த விடாத கடைக்காரரிடம் அந்த ஜோடியை அப்படியே விட்டுவிட்டு வரலாம்.