கூரை போன பிறகு காரைத் தாங்குவது எது?

கூரையைத் திறந்து மூடக்கூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் காரான கன்வெர்டிபிள் ஒன்றை மதிப்பிடுபவர்கள் எஞ்சினின் குதிரைத்திறனையும், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ஆகும் விநாடிகளையுமே பெரும்பாலும் முதலில் எழுதுகிறார்கள். அன்றாடம் வேலைக்கும் கடைக்கும் அந்தக் காரை எடுத்துச் செல்பவருக்கு இவ்விரண்டும் விரைவிலேயே பழகிப்போகும். பழகாமல் உறுத்திக்கொண்டே இருப்பவை வேறு: பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அதிரும் முன்கண்ணாடிச் சட்டம், கதவோரத்தில் எழும் கிறீச்சொலி, பின்கழுத்தில் வந்து அடிக்கும் காற்று, ஒரு பெட்டியை வைத்தவுடன் நிரம்பிவிடும் டிக்கி. ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் இக்குறைகளுக்கெல்லாம் மூலம் ஒன்றே. கூரையை எடுத்துவிட்டார்கள், அது செய்துவந்த வேலையை வேறு பாகங்களிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அந்த ஒப்படைப்பு எவ்வளவு திறமையாக நடந்திருக்கிறது என்று பார்ப்பதே, என் கருத்தில், இத்தகைய காரை மதிப்பிடும் சரியான வழி.

கூரையின் வேலை என்னவென்பதை ஒரு தாளை வைத்தே புரிந்துகொள்ளலாம். தடித்த தாளைச் சுருட்டி, விளிம்புகளை நன்றாக ஒட்டிக் குழாயாக்கி, இரு முனைகளையும் பிடித்து எதிரெதிர்த் திசையில் திருகினால் அது எளிதில் அசைந்து கொடுக்காது. அதே குழாயை நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கீறிவிட்டுத் திருகினால், கீறலின் இரு விளிம்புகளும் ஒன்றையொன்று கடந்து நழுவ, குழாய் துவண்டுவிடும். தாளின் அளவு குறையவில்லை, எடையும் குறையவில்லை. சுற்று முழுமையாக மூடியிருந்தது என்ற ஒரே தன்மைதான் போயிற்று. பொறியியல் கணக்கில் இந்த வேறுபாடு நம்ப முடியாத அளவுக்குப் பெரியது. 100 மில்லிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் தகட்டுத் தடிமனும் கொண்ட எஃகுக் குழாயை இப்படிக் கீறினால், முறுக்கத்தை எதிர்க்கும் அதன் விறைப்பு ஏறத்தாழ 7,500 மடங்கு குறைகிறது. ஆரத்தைத் தடிமனால் வகுத்து, அதை வர்க்கப்படுத்தி, மூன்றால் பெருக்கினால் கிடைக்கும் எண் அது.

கார் உடல் இவ்வளவு தூய்மையான குழாய் இல்லைதான். அதில் கதவுகளுக்கும் கண்ணாடிகளுக்கும் பெரிய திறப்புகள் உள்ளன. அடித்தளத்திலேயே பல பெட்டிக் குழல்கள் ஓடுகின்றன. ஆகவே கூரையை வெட்டினால் விறைப்பு ஆயிரக்கணக்கான மடங்கு சரிந்துவிடுவதில்லை. ஆனாலும் தளம், பக்கத் தூண்கள், கூரை ஆகியவை சேர்ந்து அமைத்த பெரிய மூடிய சுற்று உடைந்துவிடுகிறது. அதன் பிறகு முறுக்கத்தைத் தாங்கும் பொறுப்பு முழுவதும், கதவுக்கு அடியில் ஓடும் இரு விளிம்புப் பெட்டிகள், இருக்கைகளுக்கு நடுவே தளம் மேடாக எழும்பி நீளவாக்கில் ஓடும் சுரங்கம், டாஷ்போர்டுக்குப் பின்னும் இருக்கைகளுக்குப் பின்னும் நிற்கும் குறுக்குச் சுவர்கள் ஆகியவற்றின் மேல் விழுகிறது.

இந்தப் பாகங்களில் எதை நம்புவது என்பதில் ஒவ்வொரு வடிவமைப்பாளரும் ஒவ்வொரு விடையைக் கண்டிருக்கிறார்கள். 1962-இல் வந்த லோட்டஸ் எலான், காரின் நடுவே முதுகெலும்பு போல ஓடும் எஃகுத் தகட்டுப் பெட்டி ஒன்றை நம்பியது. அதன் மேல் அமர்ந்த கண்ணாடியிழை உடலுக்குப் பெரிய சுமை இல்லை. அதே நிறுவனம் 1996-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எலீஸில், அலுமினியக் குழல்களை வெல்டிங் செய்யாமல் பசையால் ஒட்டி, 68 கிலோ எடையே உள்ள சட்டகத்தை அமைத்தார்கள். அதில் பெரும்பங்கு வேலை இரு பக்கவாட்டுப் பெட்டிகளுக்கு. அவை உயரமாகவும் அகலமாகவும் இருந்தால்தான் விறைப்பு கிடைக்கும் என்பதால், காருக்குள் ஏறுபவர் காலை நன்றாக உயர்த்தி, அந்தத் திண்ணையைத் தாண்டி இருக்கைக்குள் இறங்க வேண்டும். பந்தயத் தடத்தில் இதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்; ஒரே நாளில் பல தடவை ஏறி இறங்குபவருக்கு முழங்கால் நினைவூட்டும். 1999-இன் ஹோண்டா எஸ்2000 காரோ நடுச் சுரங்கத்தை உயர்த்தி, முன்னும் பின்னுமிருந்து அதை நோக்கி வரும் சட்டங்களோடு இணைத்து, விளிம்புகளின் சுமையைக் குறைத்தது. உள்ளே ஓட்டுநரின் இடது, வலது இடம் குறுகியது அதற்கான விலை.

விறைப்பு குறைந்தால் என்னதான் ஆகும்? சிறு கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். 1,000 கிலோ காரின் எடையில் பாதி முன்சக்கரங்களின் மேல் இருக்கிறது என்றும், இரு முன்சக்கரங்களுக்கும் இடையே 1.5 மீட்டர் தூரம் என்றும் கொள்வோம். ஒரு முன்சக்கரம் உயரமான மேட்டில் ஏற, மற்ற முன்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும் நிலையில், 4,900 நியூட்டன் விசை முழுவதும் ஒரே பக்கத்தில் இறங்கி, ஏறத்தாழ 3,700 நியூட்டன் மீட்டர் (திருகும் விசையின் அலகு) முறுக்கத்தை உடலுக்குள் செலுத்துகிறது. ஒரு பாகை திருக 20,000 நியூட்டன் மீட்டர் தேவைப்படும் உடலில், முன்முனையின் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இடையே தோன்றும் உயர வேறுபாடு 5 மில்லிமீட்டருக்குள் அடங்கும். 5,000 நியூட்டன் மீட்டரிலேயே ஒரு பாகை திருகிவிடும் உடலில் அதே வேறுபாடு 19 மில்லிமீட்டர். கதவுக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இடுக்கே சில மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்தால், பழைய கன்வெர்டிபிள்களில் ஒரு மூலையை ஜாக்கியால் தூக்கியதும் கதவு ஏன் ஒழுங்காக மூட மறுத்தது என்பது விளங்கும்.

அன்றாட ஓட்டத்தில் இத்தகைய உச்ச முறுக்கம் அரிது. தொல்லை கொடுப்பது அதிர்வு. டயரும் சக்கரமும் சஸ்பென்ஷனில் துள்ளும் இயல்பான அதிர்வெண் விநாடிக்கு 10 முதல் 15 வரை இருக்கும். கூரையுள்ள நவீன காரில் உடல் முறுக்கத்தின் இயல்பு அதிர்வெண் அதைவிட வெகுதூரம் மேலே நிற்பதால் இரண்டும் சந்திப்பதில்லை. கூரை போனதும் அது 20-க்குக் கீழேகூட இறங்கி, சக்கரத் துள்ளலுக்கு அருகில் வந்து நிற்கிறது. அப்போது சாதாரணச் சாலைச் சொரசொரப்பே உடலை ஒத்ததிர வைக்க, முன்கண்ணாடிச் சட்டமும் ஸ்டீயரிங்கும் நடுங்குகின்றன. சில நிறுவனங்கள் உடலின் மூலைகளில் ரப்பரில் தொங்கும் கனமான இரும்புக் கட்டிகளை வைத்து, எதிர்த்திசையில் ஆடவிட்டு இதை அடக்குகின்றன. நோய்க்கு மருந்து என்றே அதைச் சொல்லலாம். ஆனால் எடையைக் கூட்டும் மருந்து.

சோதனை ஓட்டத்தில் இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வேகத்தடை போல இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறும் மேட்டைத் தவிர்த்து, ஒரு சக்கரம் மட்டும் முதலில் ஏறும்படி குறுக்காகச் செல்லும் ஒட்டுப்போட்ட சாலையைத் தேர்ந்து, 40 கிலோமீட்டர் வேகத்தில் கூரையைத் திறந்து ஓட்டுங்கள். பார்வையை முன்கண்ணாடியின் மேல் விளிம்பில் வையுங்கள். தொலைவிலுள்ள கட்டிடத்தின் கோட்டோடு ஒப்பிடும்போது அந்த விளிம்பு தனியே ஆடினால், உள்கண்ணாடியில் தெரியும் பிம்பம் மங்கினால், கூரையை மூடிக்கொண்டு அதே இடத்தை மறுபடி கடக்க வேண்டும். மூடியபின் ஆட்டம் பெரிதும் குறைந்தால் உடல் தளர்வானது என்று பொருள். மெத்தென்ற ஸ்பிரிங்குகள் உடலுக்குள் செல்லும் விசையைக் குறைப்பதால், கன்வெர்டிபிளில் கடினமான ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷனையும் பெரிய சக்கரங்களையும் கூடுதல் பணம் கொடுத்து வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை.

காரின் அளவு முக்கியமாவது இந்த இடத்தில்தான். ஒரே குறுக்குவெட்டுள்ள இரு சட்டங்களில் நீளமானது அதிகமாகத் திருகும். விறைப்பு நீளத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. நான்கு பேர் அமரும் கன்வெர்டிபிளில் கூரையற்ற திறப்பு முன்கண்ணாடியிலிருந்து பின்னிருக்கைக்கு அப்பால் வரை நீள்கிறது. கூரையோடு வடிவமைத்த காரைப் பிறகு வெட்டி எடுத்து, இழந்த விறைப்பைத் தகடுகளால் ஈடுகட்டும்போது 100 கிலோவுக்கு மேல் எடை கூடுவது சாதாரணம். இருவர் காரில் அந்தத் திறப்பு பாதிக்குப் பாதி குறைவு. எடையும் குறைவாதலால் தாங்க வேண்டிய விசையும் குறைவு. 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, 2016-க்குள் 10 லட்சத்தைத் தாண்டித் தயாரிக்கப்பட்ட மாஸ்டா எம்எக்ஸ்-5 இதற்குத் தக்க சான்று. தொடக்கத்திலிருந்தே கூரையில்லாத காராகத் திட்டமிடப்பட்டதால், நான்காம் தலைமுறையிலும் அதன் எடை ஏறத்தாழ 1 டன்னிலேயே நின்றது. முன்பின் சக்கர இடைவெளி 2,310 மில்லிமீட்டர்தான். குறைந்த எடை இருப்பதால் மிதமான எஞ்சினே அதற்குப் போதும்.

அடுத்தது காற்று. முன்கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டியதும் காற்றோட்டம் உடலைவிட்டுப் பிரிந்து, பயணிகளின் தலைக்கு மேலாகப் பாய்கிறது. அதற்குக் கீழே அழுத்தம் குறைந்த பள்ளம் உருவாவதால், பின்பக்கமிருந்து காற்று சுழன்று முன்னோக்கி உள்ளே இழுக்கப்படுகிறது. வேகமாகச் செல்லும் திறந்த காரில் தலைமுடி முகத்தை நோக்கிப் பறப்பதற்குக் காரணம் இதுவே. இருக்கைகளுக்குப் பின்னே நிறுத்தப்படும் வலைத்தடுப்பு அந்தத் திரும்பு ஓட்டத்தை உடைக்கிறது. வலை என்பதால் கொஞ்சம் காற்று கசிந்து வந்து அழுத்த வேறுபாட்டைத் தணிக்கிறது. முழுத் தகடாக இருந்தால் அதன் விளிம்பிலேயே புதிய சுழல்கள் கிளம்பும். பக்கக் கண்ணாடிகளை ஏற்றி, வலையையும் நிறுத்தினால் குளிர்காலத்திலும் ஹீட்டரின் வெப்பம் காலடியில் தங்கும்.

சத்தத்துக்கு அவ்வளவு எளிய தீர்வு இல்லை. காற்று உரசி எழுப்பும் ஒலியின் ஆற்றல் வேகத்தின் ஆறாம் அடுக்கையொட்டி வளர்வதால், வேகம் இரட்டித்தால் ஒலி 18 டெசிபல் வரை உயரும். நெடுஞ்சாலை வேகத்தில் திறந்த காருக்குள் 85 டெசிபலுக்கு மேல் அளந்திருக்கிறார்கள். பணியிடப் பாதுகாப்பு வல்லுநர்கள் 8 மணி நேரத்துக்கு வகுத்த எல்லை அது. அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. நகரத்துக்குள் திறந்தும் நெடுஞ்சாலையில் மூடியும் ஓட்டுவதே காதுக்கு நல்லது.

மூடும் கூரை துணியா, உலோகமா என்பதில் விவாதம் பழையது. 1957-இல் ஃபோர்டு ஸ்கைலைனர் உலோகக் கூரையை மோட்டார்களால் மடித்து டிக்கிக்குள் இறக்கிக் காட்டியது. 1996-இல் மெர்சிடிஸ் எஸ்எல்கே அதைச் சிறிய காருக்குக் கொண்டுவந்தது. மூடியிருக்கும்போது உலோகம் அமைதியானது, திருட்டுக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் மோட்டார்களும் கீல்களும் உயரத்தில் எடையை ஏற்றுகின்றன, மடித்தால் டிக்கியின் பெரும்பகுதி போய்விடும். சிறிய காருக்குத் துணியே பொருத்தம் என்பது என் முடிவு. வெளியே நெய்த துணி, நடுவே ரப்பர், உள்ளே மெல்லிய விரிப்பு என மூன்றடுக்காக வரும் இன்றைய கூரை மழையைக் கச்சிதமாகத் தடுக்கிறது. பின்சாளரம் பிளாஸ்டிக்காக இல்லாமல், சூடாக்கும் கம்பிகளுள்ள கண்ணாடியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய கார் வாங்குபவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். துணிக்கூரையின் ஓரத்தில் வழியும் நீர், மடிப்புக்குப் பின்னேயுள்ள கால்வாயில் சேர்ந்து, குழாய்கள் வழியாகக் காருக்கு அடியில் வெளியேறுகிறது. மரத்தடியில் நிறுத்திய காரில் சருகும் தூசியும் அந்தக் குழாயை அடைத்தால், நீர் கதவுக்கு அடியிலுள்ள விளிம்புப் பெட்டிக்குள் இறங்கித் தேங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். கூரையில்லாத காரின் விறைப்பைச் சுமப்பதே அந்தப் பெட்டி. கால்வாயில் ஒரு குவளை நீரை ஊற்றி, அது உடனே தரையில் சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு குனிந்து அந்த விளிம்பின் அடிப்பக்கத்தை விரலால் தட்டிப் பார்ப்பது, எஞ்சினைக் கிளப்பிக் கேட்பதைவிட முதலில் செய்ய வேண்டிய வேலை.