அணைத்த பிறகும் கொதிக்கும் உலை

சோறாக்க அடுப்பில் ஏற்றும் தண்ணீருக்கும் உலை என்றுதான் பெயர். கொல்லன் துருத்தி ஊதும் இடத்துக்கும் உலை என்றுதான் பெயர். ரியாக்டருக்கு அணு உலை என்று தமிழில் பெயர் வைத்தவர் இதில் எதை மனதில் வைத்திருந்தாரோ, இரண்டுமே பொருந்துகிறது. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் கடைசியில் நடப்பது தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வேலைதான். நீராவி டர்பைனைச் சுழற்றும், டர்பைன் ஜெனரேட்டரைச் சுழற்றும், மின்சாரம் வரும். அனல் மின் நிலையத்திலும் இதே கதைதான். அங்கே நிலக்கரி, இங்கே யுரேனியம்.

வித்தியாசம் நிறுத்தும்போது தெரியும். நிலக்கரி போடுவதை நிறுத்தினால் கொதிகலன் கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். அணு உலையை நிறுத்தினால் நிற்கும்; ஆறாது. அணுமின்சாரத்தின் பெரிய விபத்துகளுக்கும், அதன் கழிவு என்ற தீராத தலைவலிக்கும் வேர் இந்த ஒரே விஷயத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் தீ எப்படிப் பற்றுகிறது என்று பார்த்துவிடலாம். மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களுக்கு ஏழுதான் யுரேனியம்-235 என்ற வகை. மற்றவை கிட்டத்தட்ட எல்லாமே யுரேனியம்-238. இந்த 235-இன் மீது மெதுவாக வரும் ஒரு நியூட்ரான் பட்டால் அதன் கரு இரண்டாகப் பிளக்கிறது. துண்டுகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு பாய்ந்து, பக்கத்து அணுக்களில் மோதி நிற்கின்றன. அந்த மோதல்தான் வெப்பம். கூடவே இரண்டு மூன்று நியூட்ரான்கள் தெறிக்கும். அவற்றில் ஒன்று இன்னொரு 235-ஐப் பிளந்தால் போதும், தீ நின்று எரியும். ஒரு கிராம் யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால் வரும் வெப்பம், நல்ல ரக நிலக்கரி ஏறக்குறைய மூன்று டன் எரிவதற்குச் சமம். இத்தனை தொல்லைக்குப் பிறகும் உலகம் இதை விடாததற்கு அந்த ஒரு கணக்கு போதும்.

கல்பாக்கத்தின் பழைய இரண்டு உலைகளும் இயற்கை யுரேனியத்தை அப்படியே எரிக்கும் ரகம். அதற்குக் கனநீர், அதாவது கனமான ஹைட்ரஜன் கொண்ட தண்ணீர், வேண்டும். கூடங்குளத்தில் 235-இன் பங்கை நான்கு சதவீதம் அளவுக்கு உயர்த்திய எரிபொருள், சாதாரணத் தண்ணீர். அணுகுண்டு போல வெடித்துவிடாதா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெடிக்காது. குண்டுக்கு அந்தப் பங்கு பொதுவாக 90 சதவீதம் அளவில் இருக்கும். பயப்பட வேண்டிய இடம் வேறு.

உலையை நிறுத்துவது சுலபம். கூடங்குளம் போன்ற உலையில், நியூட்ரானை விழுங்கும் போரான் போன்ற பொருள் அடைத்த கட்டுப்பாட்டுத் தண்டுகள், எரிபொருளுக்கு மேலே மின்காந்தப் பிடியில் தொங்குகின்றன. கரண்ட் போனால் பிடி விட்டுவிடும். தண்டுகள் தம் எடையிலேயே உள்ளே விழும். சில விநாடிகளில் பிளவுச் சங்கிலி அறுந்துவிடும். இதுவரைக்கும் நல்ல ஏற்பாடு.

ஆனால் அதற்குள் பிளந்து முடிந்த துண்டுகள் உள்ளேயே கிடக்கின்றன. அவை பிறக்கும்போதே குறையோடு பிறப்பவை. பெரிய கருவுக்கு ஏற்ற விகிதத்தில் நியூட்ரான்களைச் சுமந்துகொண்டு வந்த சின்னக் கருக்கள். சுமை தாங்காமல் கதிர் வீசித் தம்மைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. அதுதான் கதிரியக்கம், அதில் வரும் வெப்பம்தான் சிதைவு வெப்பம். பிளவுக்கு ஒரு நியூட்ரான் வந்து தட்ட வேண்டும். சிதைவுக்கு யாரும் தட்ட வேண்டாம். அதனால் கட்டுப்பாட்டுத் தண்டால் அதைத் தொடக்கூட முடியாது. விறகை வெளியே இழுத்த பிறகும் அடுப்பில் கங்கு கிடக்குமே, அப்படி. ஒரு வேறுபாடு உண்டு: கங்கின் மேல் தண்ணீர் தெளித்தால் அணைந்துவிடும். இதன் மேல் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அணையாது. தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், அவ்வளவே.

எவ்வளவு சூடு? கூடங்குளத்தின் ஓர் உலை 1,000 மெகாவாட் மின்சாரம் தர, உள்ளே 3,000 மெகாவாட் வெப்பம் உண்டாக்குகிறது. தண்டுகள் விழுந்த கணத்தில் அதில் ஆறேழு சதவீதம், அதாவது 200 மெகாவாட் பக்கம், மிச்சம் இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து சுமார் 40. ஒரு நாள் கழித்து 13 பக்கம். குறைகிறதே என்று தோன்றலாம். சென்னையில் தெருத்தெருவாக வருமே 12,000 லிட்டர் தண்ணீர் லாரி, அதைக்கொண்டு நானே போட்டுப் பார்த்த கணக்கு இது: நிறுத்தி ஒரு மணி நேரமான உலை, பதின்மூன்று நிமிடத்துக்கு ஒரு லாரி தண்ணீரை ஆவியாக்கிவிடும். ஒரு நாள் கழித்தும் நாற்பது நிமிடத்துக்கு ஒரு லாரி வேண்டும். ராத்திரி பகலாக, நிறுத்தாமல். லாரி வரவில்லை என்றால் என்ன ஆகும் என்பதை 2011-இல் ஜப்பான் காட்டியது.

மார்ச் 11, பிற்பகல் 2:46. 9 அளவு நிலநடுக்கம். ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தின் ஆறு உலைகளில் அன்று ஓடிக்கொண்டிருந்தவை மூன்று. மூன்றிலும் தண்டுகள் ஒழுங்காக உள்ளே போயின, பிளவு நின்றது. வெளியிலிருந்து வரும் மின்சாரம் அறுந்தது. டீசல் ஜெனரேட்டர்கள் தாமாக ஓடத் தொடங்கின. எல்லாம் புத்தகத்தில் எழுதியபடி. ஏறக்குறைய ஐம்பது நிமிடம் கழித்துச் சுனாமி வந்தது. 5.7 மீட்டர் அலைக்குக் கணக்குப் போட்டிருந்த இடத்தில் வந்தது 14, 15 மீட்டர். டீசல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்தன. மூழ்கின. பேட்டரிகளும் மின் பலகைகளும் நனைந்தன. கட்டுப்பாட்டு அறை இருண்டது. உள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள்ளைப் படிக்க, ஊழியர்கள் கார் பேட்டரிகளைக் கழற்றி வந்து இணைத்துப் பார்த்தார்கள்.

முதல் உலையில் மின்சாரமே வேண்டாத ஒரு குளிர்விப்பு ஏற்பாடும் இருந்தது. நீராவி தானே மேலேறி ஒரு தொட்டியில் குளிர்ந்து, தண்ணீராகித் தானே இறங்கும். உலை மிக வேகமாக ஆறுகிறதே என்று ஆபரேட்டர்கள் அதன் வால்வைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் முற்றாகப் போன நேரத்தில் வால்வு மூடியிருந்தது. அது திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதே பல மணி நேரம் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. எனக்கு ஃபுகுஷிமாவின் மொத்தக் கதையும் அந்த ஒரு வால்வில் அடங்கியிருப்பதாகத் தோன்றும்.

அதன் பிறகு நடந்தது வெறும் பௌதிகமும் வேதியியலும்தான். தண்ணீர் வற்றியது. எரிபொருளைச் சுற்றியிருக்கும் சிர்கோனியம் உறை 1,200 டிகிரி அளவில் நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனைக் கக்கியது. அடுத்தடுத்து மூன்று உலைகளின் எரிபொருளும் உருகியது. உலகமே டிவியில் பார்த்த வெடிப்புகள் ஹைட்ரஜன் வெடிப்புகள். காற்றில் கலந்த கதிரியக்க அயோடின், சீசியத்துக்குப் பயந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். கதிர்வீச்சால் இறந்தவர்களைவிட, அவசரமாக இடம்பெயர்த்ததில் இறந்த முதியவர்களும் நோயாளிகளுமே மிக அதிகம். மேட்டில் இருந்த ஒரு டீசல் ஜெனரேட்டர் மட்டும் தொடர்ந்து ஓடியது. ஐந்தாவது, ஆறாவது உலைகள் இரண்டையும் காப்பாற்றியது அதுதான்.

1979-இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டும் இதே ஜாதி விபத்து. உலை நின்ற பிறகு, மூடாமல் சிக்கிக்கொண்ட ஒரு வால்வு வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. மிச்ச வெப்பத்தில் எரிபொருளில் பாதி உருகியது. 1986-இன் செர்னோபில் மட்டும் வேறு ரகம். அங்கே பிளவுச் சங்கிலியே கட்டுமீறி ஓடியது. ஆனால் அந்த இரவு அவர்கள் எதைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? கரண்ட் போய், டீசல் ஜெனரேட்டர் வேகம் பிடிக்கும் வரையிலான அந்தச் சில பத்து விநாடிகளுக்கு, ஓய்ந்து சுழலும் டர்பைனின் மிச்ச வேகத்தைக்கொண்டு குளிர்விக்கும் பம்புகளை ஓட்ட முடியுமா என்று. ஆறாத உலையைப் பற்றிய கவலைதான் அங்கேயும் முதல் அடி எடுத்துக் கொடுத்தது.

நம் கரைக்கும் ஒரு பரீட்சை வந்தது. 2004 டிசம்பர் 26 காலை, கல்பாக்கத்தில் இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. சுனாமித் தண்ணீர் கடல்நீர் பம்ப் அறைக்குள் புகுந்து பம்புகளை நிறுத்தியது. உலையை நிறுத்தினார்கள். அவசர மின்சாரம் தரும் ஜெனரேட்டர்கள் தண்ணீர் எட்டாத உயரத்தில் இருந்தன. சில நாட்களில் உலை மறுபடி ஓடியது. அன்று கல்பாக்கம் நகரியத்தில் உயிர்கள் போயின, பறித்தது கடல்.

கூடங்குளத்தில் ஃபுகுஷிமாவுக்கு முன்பே திட்டமிட்ட ஓர் ஏற்பாடு இருக்கிறது. மின்சாரம் அடியோடு போனாலும், நீராவி தானே மேலேறி, வெளிக்காற்றால் குளிரும் குழாய்களில் தண்ணீராகி, தன் எடையில் திரும்பி இறங்கும். சூடான காற்று மேலே போகும் என்ற விதி மட்டும் வேலை செய்தால் போதும். நல்ல யோசனை, சந்தேகமில்லை. ஆனாலும் ஃபுகுஷிமாவின் அந்த வால்வு எனக்கு நினைவுக்கு வராமல் போவதில்லை. இடிந்தகரையில் மக்கள் போராடியபோது "முற்றிலும் பாதுகாப்பானது" என்ற ஒற்றை வாக்கியத்தைப் பதிலாகக் கொடுத்திருக்கக் கூடாது. கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும், அப்புறம் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று மீனவப் பெண் ஒருத்தி கேட்டால், அதற்கு எண்களோடு பதில் சொல்ல முடியும், சொல்லவும் வேண்டும். நிலக்கரிப் புகை ஒவ்வொரு யூனிட்டுக்கும் இதைவிட எத்தனையோ மடங்கு பேரைக் கொல்கிறது என்பதும் உண்மைதான். அதுவும் அந்தக் கேள்விக்குப் பதிலாகாது.

சரி, கழிவுக்கு வருவோம். ஃபுகுஷிமாவில் அமெரிக்கா வரை பதற வைத்தது நான்காவது உலை. அது அன்று ஓடவே இல்லை. உள்ளே எரிபொருளும் இல்லை. 1,535 எரிபொருள் கட்டுகள் அதன் மேல்தளத்துக் குளத்தில் கிடந்தன. குளத்தில் தண்ணீர் வற்றினால்? வற்றவில்லை. கடைசிக் கட்டை வெளியே எடுத்து முடித்தது 2014 டிசம்பரில். கழிவு என்று நாம் சொல்வதும் அதே கங்குதான், உலையைவிட்டு வெளியே எடுத்த கங்கு.

1,000 மெகாவாட் உலை ஒன்று ஆண்டுக்கு 20 டன்னிலிருந்து 25 டன் வரை எரிந்த எரிபொருளைத் தள்ளும். அனல் மின் நிலையச் சாம்பல் மலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. அதிலும் 95 சதவீதம் வெறும் யுரேனியம், ஒரு சதவீதம் உலைக்குள் உருவான புளூட்டோனியம். பிளவுத் துண்டுகள் மூன்று நான்கு சதவீதம்தான். சூடும் கதிரும் முதலில் அவற்றிலிருந்து. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். சீசியம்-137-க்கு 30 வருடம். புளூட்டோனியம்-239-க்கு 24,100 வருடம். கடைசி எண்ணைக் கேட்டுத்தான் எல்லோரும் மிரள்கிறார்கள். ஆனால் மெதுவாகத் தீர்வது மெதுவாகத்தான் கதிர் வீசும். எட்டு நாளில் பாதியாவதுதான் கொடூரமாக வீசும். செர்னோபிலைச் சுற்றி ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது பால் வழியாகப் போன அயோடினால்தான். புளூட்டோனியம் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. ஆனால் அதன் உண்மையான தொல்லை, அதைக் காவல் காக்க எந்த அரசாங்கமும் அவ்வளவு காலம் இருக்கப்போவதில்லை என்பது.

எடுத்த எரிபொருளை முதல் சில வருடங்களுக்குத் தண்ணீர்க் குளத்தில் வைப்பார்கள். மேலே நிற்கும் சில மீட்டர் தண்ணீர் கதிரையும் தடுக்கும், சூட்டையும் வாங்கும். அப்புறம் பாதை பிரிகிறது. இந்தியாவின் கொள்கை, யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுத்துத் திரும்ப எரிப்பது. மிஞ்சும் துண்டுகளைக் கண்ணாடியோடு உருக்கி எஃகுக் கலங்களில் ஊற்றி, காற்றோட்டமான நிலவறையில் பல பத்தாண்டுகள் ஆற வைப்பது. அதற்கும் பிறகு எங்கே புதைப்பது என்பதற்கு இங்கே இன்னும் இடம் முடிவாகவில்லை.

பின்லாந்து இடத்தை முடிவு செய்து தோண்டியும் விட்டது. ஓல்கிலுவோட்டோ தீவில், 190 கோடி ஆண்டு வயதான பாறைக்குள், 400 மீட்டருக்கும் கீழே ஓன்கலோ சுரங்கம். எரிபொருளை வார்ப்பிரும்பில் வைத்து, அதைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் தடிமன் செம்பு, செம்பைச் சுற்றி நனைந்தால் உப்பி இடுக்கை அடைக்கும் பென்டோனைட் களிமண். நாற்பது வருடம் போல ஆறிய எரிபொருள்தான் உள்ளே போகும். அப்போதும் ஒரு கலம் 1,700 வாட் அளவுக்குச் சூடு தரலாம். நம் வீட்டு இன்டக்‌ஷன் அடுப்பு ஒன்று, உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே. களிமண் 100 டிகிரியைத் தாண்டினால் அதன் குணம் கெட ஆரம்பிக்கும். ஆகவே ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் இத்தனை மீட்டர் இடைவெளி என்று அந்தச் சூட்டை வைத்தே வகுத்திருக்கிறார்கள். பாறையில் இடம் இருக்கிறதே என்று நெருக்கி அடுக்க முடியாது.

கூடங்குளத்தின் எரிந்த எரிபொருளை, சோவியத் காலத்து ஒப்பந்தப்படி, ரஷ்யாவே திருப்பி எடுத்துக்கொள்வதாக இருந்தது. பிறகு ஏற்பாடு மாறி, இங்கேயே என்றானது. முதல் உலை முதல் தடவை எரிபொருள் மாற்றியது 2015-இல். அன்று வெளியே வந்த ஒவ்வொரு கட்டும், உலையில் வேலை முடிந்து பத்து வருடம் கடந்த பிறகும், இன்னும் சில நூறு வாட் வெப்பம் தந்துகொண்டிருக்கும். ஓர் இஸ்திரிப் பெட்டியைவிடக் குறைவு. அதற்கு சுவிட்சும் கிடையாது.