எல்லைக்கு அந்தப் பக்கம் ஐந்து ரூபாய் குறைவு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோவைக்குச் செல்லும் வழியில் வேலந்தாவளம் என்ற சிற்றூர் இருக்கிறது. எல்லை தாண்டிய முதல் பெட்ரோல் பங்கில் எந்த மாலையில் நின்று பார்த்தாலும், வரிசையில் பாதிக்கு மேல் கேரளப் பதிவெண் கொண்ட வண்டிகளாகவே இருக்கும். அடைப்பான் தானாக நின்ற பிறகும் குழாயை ஆட்டி ஆட்டி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வார்கள். "விளிம்பு வரைக்கும் விடு தம்பி, அடுத்த வாரம்தான் இந்தப் பக்கம் வருவேன்" என்பது அங்கே அன்றாடம் கேட்கும் பேச்சு. லிட்டருக்கு ஐந்து ரூபாய் மிச்சம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், கோவை வட்டாரத்துக்கு வரும் எரிபொருளில் ஒரு பெரும்பகுதி கேரளத்திலிருந்தே வருகிறது. கொச்சி சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கோவை அருகே உள்ள இருகூர் வழியாகக் கரூர் வரை ஏறத்தாழ 290 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமிக்கடியில் ஒரு குழாய் செல்கிறது. 2002 முதல் இயங்கும் இந்தக் குழாய் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கே வருகிறது. ஒரே குழாய்தான், ஆனால் அதில் பெட்ரோலும் டீசலும் மண்ணெண்ணெயும் ஒன்றன்பின் ஒன்றாக, இடையில் தடுப்பு ஏதும் இல்லாமல் அனுப்பப்படுகின்றன. கலந்துவிடாதா என்ற ஐயம் எழுவது இயல்பே. திரவம் மெதுவாக நகர்ந்தால் குழாயின் நடுப்பகுதி வேகமாக முன்னே ஓட, சுவரை ஒட்டிய பகுதி பின்தங்கி, ஒன்றுக்குள் ஒன்று நெடுந்தூரம் புகுந்துவிடும். வேகமாகத் தள்ளினால் ஓட்டம் கொந்தளிப்பாகி, குழாயின் குறுக்களவு முழுவதும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நகர்வதால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் ஒரு குறுகிய கலவைப் பட்டை உண்டாகும். மறுமுனையில் அடர்த்தியை அளந்துகொண்டே இருப்பார்கள். அடர்த்தி மாறத் தொடங்கியதும் அந்தப் பட்டையைத் தனித் தொட்டிக்குத் திருப்பிவிடுவார்கள்.

ஆக, மேற்கிலிருந்து வந்த பெட்ரோலை வாங்கக் கேரளத்துக்காரர் கிழக்கே போகிறார். தூரம் கூடக் கூட விலை கூடவேண்டிய பொருள் இங்கே குறைந்து நிற்பதற்குக் காரணம் குழாயிலும் இல்லை, எண்ணெயிலும் இல்லை. இரண்டு மாநிலங்கள் வரி போடும் முறையில் இருக்கிறது.

ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 70 டாலர், டாலர் 85 ரூபாய் என்று கொண்டால், ஒரு லிட்டர் கச்சா எண்ணெய் 37 ரூபாய் சொச்சம் ஆகிறது. ஆனால் ஆலை வாசலில் பெட்ரோலின் விலை இந்தக் கணக்கில் முடிவாவதில்லை. வெளிநாட்டுச் சந்தையில் பெட்ரோல் என்ன விலைக்குப் போகிறது, அதை இங்கே இறக்குமதி செய்தால் என்ன செலவாகும், இங்கிருந்து ஏற்றுமதி செய்தால் என்ன கிடைக்கும் என்பவற்றை வைத்து அது கணக்கிடப்படுகிறது. அதன்மேல் சரக்குக் கட்டணம், நிறுவனத்தின் இலாபம், மத்திய அரசின் உற்பத்தி வரி, பங்க் உரிமையாளரின் கமிஷன் ஆகியவை ஏறுகின்றன. 2025 ஏப்ரலில் பெட்ரோல் மீதான உற்பத்தி வரி லிட்டருக்கு 2 ரூபாய் கூட்டப்பட்டு 21.90 ரூபாய் ஆனபோது பங்கில் விலை மாறவில்லை. எண்ணெய் நிறுவனங்கள் அதைத் தம் கணக்கில் ஏற்றுக்கொண்டன. கச்சா எண்ணெய் மலிந்திருந்த நேரம் அது. மலிவின் பலன் நம் கைக்கு வராமல் நடுவழியில் வரியாக மாறிய விதத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டாம்.

கடைசியாக மாநில வரி. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது பெட்ரோலும் டீசலும் அதற்குள் கொண்டுவரப்படவில்லை. எனவே ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படி வாட் என்ற விற்பனை வரியை விதிக்கிறது. தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் செய்த குறைப்புக்குப் பிறகு பெட்ரோலுக்கு 13 சதவீதமும், அதோடு லிட்டருக்கு நிலையாக 11.52 ரூபாயும் வாங்குகிறது. கேரளத்தில் 30.08 சதவீத விற்பனை வரி, அதோடு ஒரு ரூபாய் கூடுதல் வரி, ஒரு சிறு செஸ், 2023 ஏப்ரல் முதல் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்காக 2 ரூபாய் செஸ்.

இந்த இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். மாநில வரிக்கு முந்தைய விலை 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தமிழ்நாட்டில் வரி 21.92 ரூபாய், கேரளத்தில் 27 ரூபாய்க்குச் சற்று மேல். வித்தியாசம் ஐந்து ரூபாய் சொச்சம். அதே அடிப்படை விலை 100 ரூபாய் ஆகிவிட்டால் தமிழ்நாட்டில் 24.52, கேரளத்தில் 33-க்கு மேல்; வித்தியாசம் எட்டரை ரூபாயைத் தாண்டிவிடும். 50 ரூபாய்க்கு இறங்கினால் இரு பக்கமும் 18 ரூபாய் அளவில் ஏறத்தாழச் சமமாகிவிடும். சதவீதம் விலையோடு சேர்ந்து வீங்கும், நிலையான தொகை வீங்காது, அவ்வளவுதான் சங்கதி. வேலந்தாவளத்து வரிசையின் நீளத்தைப் பார்த்தே உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

வரிசையில் நிற்பவருக்கு மிச்சம் ஆகிறதா என்பது வேறு கணக்கு. எல்லையிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி வீடுள்ளவர், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் பைக்கில், பெட்ரோலுக்காக மட்டுமே போய்வருகிறார் என்று கொள்வோம். ஐந்து லிட்டர் போட்டால் 27 ரூபாய் மிச்சம். போய்வர 16 கிலோமீட்டருக்கு 36 ரூபாய் பெட்ரோல் எரிந்திருக்கும். சொந்த வேலையாகக் கோவை போகிறவருக்கே இது கட்டுப்படியாகும்.

கேரளக் கடலில் எண்ணெய் தேடுகிறார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம், நம் நாட்டிலேயே எண்ணெய் கிடைத்தால் விலை குறையும் என்ற பேச்சும் கூடவே கிளம்புகிறது. இந்த நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை என்பதே என் கருத்து. இந்தியாவின் கச்சா எண்ணெய் உற்பத்தி 2011-12-இல் சுமார் 3.8 கோடி டன்னாக இருந்து, 2023-24-இல் சுமார் 2.9 கோடி டன்னாகக் குறைந்துவிட்டது. அதே ஆண்டில் நாட்டின் எரிபொருள் நுகர்வோ 23 கோடி டன்னைத் தாண்டியது. 1974-இல் கண்டறியப்பட்ட மும்பை ஹை போன்ற பெரிய வயல்கள் முதுமை அடைந்துவிட்டன. ஆந்திரத்தின் காக்கிநாடாவுக்கு அப்பால், கிருஷ்ணா கோதாவரிப் படுகையின் ஆழ்கடல் வயலில் 2024 ஜனவரியில் முதல் எண்ணெய் வந்தது நல்ல செய்தியே. ஆனாலும் இந்தப் பள்ளம் அதனால் நிரம்பக்கூடியது அல்ல.

வயல் முதுமை அடைவது எப்படி என்பதைக் கொழிஞ்சாம்பாறை அடங்கிய சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கத்துக் கடலை விவசாயிக்குச் சுலபமாக விளக்கலாம். எண்ணெய் நிலத்தடியில் ஏரி போலத் தேங்கிக் கிடப்பதில்லை. மணற்பாறையின் நுண்துளைகளுக்குள், கடலைப் பருப்புக்குள் இருப்பதைப் போல ஊறிக் கிடக்கிறது. துளையிட்டதும் பாறையின் இயல்பான அழுத்தம் அதை மேலே தள்ளும். அழுத்தம் தணிந்ததும் பக்கத்துக் கிணறு வழியே தண்ணீரைச் செலுத்தி எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். நாளாக நாளாக எண்ணெயைவிடத் தண்ணீரே அதிகம் மேலே வரும். அந்த உப்பு நீரைப் பிரித்து, சுத்தம் செய்து, மறுபடியும் உள்ளே செலுத்தச் செலவும் மின்சாரமும் ஆகும். எவ்வளவு ஆட்டினாலும் செக்கில் பிண்ணாக்கோடு கொஞ்சம் எண்ணெய் தங்கிவிடும் அல்லவா? பாறையில் தங்குவது கொஞ்சமல்ல; பொதுவாகப் பாதிக்கும் மேல் பாறையிலேயே தங்கிவிடுகிறது. இப்படி எடுத்த எண்ணெயும் உள்நாட்டு ஆலைக்கு உலகச் சந்தை விலையை ஒட்டியே விற்கப்படுகிறது. அந்நியச் செலாவணி மிச்சமாகும், அரசுக்கு உரிமத் தொகை வரும். பங்கில் எழுதியிருக்கும் எண் அதனால் மாறாது.

அந்த எண்ணில் ஏறாத செலவுகளும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அது எரிந்தால் வெளிவரும் கரியமில வாயுவின் எடையோ சுமார் 2.3 கிலோ. எடை மூன்று மடங்காவது மாயமல்ல: பெட்ரோலில் உள்ள ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது, அந்த இரண்டின் எடை கார்பனைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். ஐந்து ரூபாய்க்காக 16 கிலோமீட்டர் சுற்றியவர் முக்கால் கிலோவுக்கு மேல் வாயுவைக் காற்றில் விட்டிருக்கிறார். விளிம்பு வரை நிரப்பும்போது மூக்கில் ஏறும் மணத்தில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பென்சீன் ஆவியும் அடக்கம். குழாயைப் பிடித்து நிற்கும் பையன் அதைத்தான் நாள் முழுவதும் சுவாசிக்கிறான்.

2020 ஏப்ரலில் புகை மாசைக் குறைக்கும் பிஎஸ்-6 தர எரிபொருள் வந்தபோது கந்தகத்தின் உச்ச வரம்பு பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. எல்லையிலுள்ள வாளையாற்றில் லாரிக்குப் பின்னால் பைக் ஓட்டுகிறவருக்கு இது பெரிய நன்மை. ஆனால் கந்தகத்தைப் பிரிக்க ஆலையில் ஹைட்ரஜன் வேண்டும். அது பெரும்பாலும் இயற்கை எரிவாயு, நாப்தா போன்றவற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. எடுக்கும்போது கரியமில வாயு வெளியேறுகிறது. நம் தெருவில் குறைந்த புகையில் ஒரு பங்கு வேறு வடிவில் ஆலைப் புகைபோக்கிக்கு இடம் மாறியிருக்கிறது.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதை இறக்குமதிக்கு மாற்று என்கிறார்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலில் உள்ள ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கே இருக்கிறது. கரும்பு, அரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றைப் புளிக்கவைத்துக் காய்ச்சி அதை எடுக்க வேண்டும். பயிருக்கும் தண்ணீர், ஆலைக்கும் தண்ணீர். கொழிஞ்சாம்பாறைக்கு அருகே எலப்புள்ளியில் எத்தனாலும் தயாரிக்கும் மதுபான ஆலை ஒன்றுக்கு 2025 தொடக்கத்தில் கேரள அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, நிலத்தடி நீரைக் காட்டியே உள்ளூரில் எதிர்ப்புக் கிளம்பியது. 2000-இல் வந்த குளிர்பான ஆலை 2004-இல் மூடப்பட்டதற்கு முன் கிணறுகள் என்ன ஆயின என்பதைக் கண்ணால் கண்ட பிளாச்சிமடை பக்கத்துச் சித்தூர் தாலுகாவில்தான் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே போகப்போக மழை குறையும் நிலம் இது. கோடையில் வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கத்துத் தெருக்களில் குடிநீர் லாரி வருகிறது. குடங்கள் வரிசையில் காத்திருக்க, தண்ணீர் இறங்கி முடியும்வரை அதன் டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது.