ஜாயின்: இணைப்பா, பொருத்தா?

மாணவர் அட்டவணையில் 3 நிரை (கிடைவரிசை), மதிப்பெண் அட்டவணையில் 4 நிரை. இரண்டையும் இணைத்தால் எத்தனை நிரை வரும் என்று எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழி படிக்கும் ஒரு பெண்ணிடம் கேட்டேன். யோசிக்காமல் ஏழு என்றாள். அவள்மேல் தப்பில்லை. அந்த மொழியின் ‘ஜாயின்’ கட்டளையை ‘இணைப்பு’ என்று பாடத்தில் எழுதிவைத்தவர்கள் மேல்தான் தப்பு.

ஜாயின், லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். நுகத்தில் பூட்டுவதுதான் மூலப்பொருள். தரவுகளை உறவு அட்டவணைகளாக வகுத்து எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது.

தமிழில் இணைப்பு என்ற ஒரு சொல்லின் தலையில் எத்தனை சுமை! வலைப்பக்கச் சுட்டி இணைப்பு, மின்னஞ்சலோடு போகும் கோப்பு இணைப்பு, தரவுத்தளத்தோடு தொடர்புகொள்வதும் இணைப்பு. ‘இணைப்பில் பிழை’ என்று வந்தால் சர்வரைப் பார்ப்பதா, வினவலை, அதாவது தரவைக் கேட்டு நாம் எழுதிய கட்டளையை, பார்ப்பதா? சிலர் ‘சேர்ப்பு’ என்கிறார்கள். அது இன்னும் மோசம். பள்ளிக் கணக்கில் கணங்களின் சேர்ப்பு என்றால் யூனியன். எஸ்க்யூஎல்லிலும் யூனியன் தனியாக உண்டு. நிரைகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்குவது அதன் வேலை. ஜாயின் அடுக்காது. ஒப்பிட்டுப் பார்த்துப் பக்கத்தில் வைக்கும். அகராதியில் முதலில் கிடக்கும் பொருளை எடுத்துப் போடுகிறவர்கள், சொல் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதே இல்லை.

பொருத்து என்பதே சரி. ‘பொருத்துக’ என்ற கேள்வியைப் பார்க்காமல் பள்ளியைத் தாண்டியவர் யார்? நிரல்களின் (செங்குத்து வரிசைகளின்) மதிப்புகள் பொருந்துகின்றன. அதனால் நிரைகளைப் பொருத்துகிறோம். ஒப்பிடுவதும் சேர்த்துவைப்பதும் ஒரே வேரில் அடங்கிவிடுகின்றன. லெஃப்ட் ஜாயின் இடப்பொருத்து: ஜோடி கிடைக்காத இடப்பக்க நிரையையும் விடாமல் வைத்து, எதிரே ‘நல்’ (null), அதாவது மதிப்பு இல்லை என்ற குறி, போடும். நல்லுக்கு நல் சமம் என்று எழுதினாலும் பொருந்தாது. வெற்றிடத்தை வெற்றிடத்தோடு எப்படிப் பொருத்துவது? கிராஸ் ஜாயின் எதையும் ஒப்பிடாததால் அதை இந்தப் பெயரில் அடக்கக் கூடாது. அது பெருக்கல், 3க்கு 4 என்றால் 12 நிரை.

பள்ளிக் கேள்வியில் ஒன்றுக்கு ஒன்றுதானே என்பார்கள். ஒன்றுக்குப் பலவும் வரலாம் என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்தப் பெண்ணுக்கும் அதைச் சொல்லிவிட்டு, அதே அட்டவணைகளைப் பலகையில் எழுதி, மேலே ‘பொருத்துக’ என்று போட்டேன். மாணவர் அட்டவணையிலிருந்த கயலிடமிருந்து மதிப்பெண்களுக்கு இரண்டு கோடு, முத்துவிடமிருந்து ஒன்று, செல்வியிடமிருந்து ஒன்று இழுத்தாள். பிறகு கோடுகளை எண்ணி, நான்கு என்றாள்.