இரண்டு அம்பயர், இரண்டு தீர்ப்பு

அம்பயர் வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த தப்பு இது. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகள் ஆடும் பேஸ்பாலுக்குப் பெரும்பாலும் இரண்டே அம்பயர்தான். அன்று நான் கேட்சருக்கு (அடிப்பவனுக்குப் பின்னால் பந்து பிடிப்பவன்) பின்னால், கூட்டாளி முதல் பேஸ் அருகே. பந்தை அடித்தவன் முதலில் ஓடித் தொட வேண்டிய இடம் அது. பையன் விழுந்தடித்து ஓடி வந்தான். அவன் சேருவதற்குள் எதிரணிக்காரன் பந்தைப் பிடித்து, காலையும் பேஸில் வைத்திருந்தால் அவன் அவுட், இல்லையென்றால் சேஃப். கூட்டாளி முஷ்டியை உயர்த்தி "அவுட்" என்றார். பந்தைப் பிடித்தவனின் கால் பேஸை விட்டு ஒரு சாண் விலகியிருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாய் சும்மா இருக்கவில்லை. "சேஃப்!" என்று கத்தி இரண்டு கைகளையும் விரித்துவிட்டேன்.

அடுத்த நொடி இரண்டு கோச்சுகளும் மைதானத்துக்குள். ஆளுக்கொரு தீர்ப்பு கைவசம் இருக்கிறது, யார் விடுவார்கள்?

நான் பார்த்தது சரி, செய்தது தப்பு. தீர்ப்புச் சொன்னவர் கேட்காமல் இன்னொரு அம்பயர் அதில் தலையிடக் கூடாது என்கிறது பேஸ்பால் விதி 8.02. ஒரே ஆட்டத் தருணத்துக்கு இரண்டு தீர்ப்பு வந்துவிட்டால் 8.03 இருக்கிறது: தலைமை அம்பயர் மற்றவர்களைக் கூட்டிப் பேச வேண்டும், கோச்சோ ஆட்டக்காரரோ பக்கத்தில் நிற்கக் கூடாது. யார் நல்ல இடத்தில் நின்றார், எது சரியாக இருக்கும் என்று பார்த்து அவர் முடிவு சொல்வார். அன்று தலைமை அம்பயரும் நான்தான். என் வழக்குக்கு நானே நீதிபதி! சேஃப் என்று முடித்தோம். அப்புறம் கூட்டாளி எதைச் சொன்னாலும் கோச்சுகள் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

கேட்டுத் திருத்துவது கௌரவக் குறைச்சல் இல்லை. 2004 அக்டோபர் 19, நியூயார்க் யாங்கீ ஸ்டேடியம். யாங்கீஸின் அலெக்ஸ் ரோட்ரிகஸ் முதல் பேஸுக்கு ஓடும்போது, அவுட் ஆக்கப் பந்தோடு தன்னைத் தொட வந்த எதிரணி ரெட் சாக்ஸின் பிட்சர் (பந்து வீசுபவர்) பிரான்சன் அரோயோவின் கையுறையைத் தட்டிவிட்டார். பந்து உருண்டோட, முதல் பேஸில் இருந்து ஓடிய யாங்கீஸின் ஜீட்டர் ரன்னும் எடுத்துவிட்டார். முதல் பேஸ் அம்பயர் ராண்டி மார்ஷ் சொன்னது சேஃப். ஆறு அம்பயர்களும் கூடிப் பேசினார்கள். கையுறையைத் தட்டியது தப்பு என்று ரோட்ரிகஸ் அவுட், ஜீட்டர் மறுபடி முதல் பேஸுக்கு. உள்ளூர் ரசிகர்கள் கையில் கிடைத்ததை எல்லாம் வீசினார்கள், தீர்ப்பு மாறவில்லை.

எதைக் கேட்கலாம் என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். கால் விலகியதா, பந்து நழுவியதா, பந்து பிடித்த கை ஓடுபவன் உடம்பில் பட்டதா, இதையெல்லாம் கேட்கலாம். கால் முந்தியதா பந்து முந்தியதா என்பதைக் கேட்கவே கூடாது. அதற்குத்தானே பக்கத்தில் நிற்கிறீர்கள்? "எப்படி சார் அவுட்?" என்று கோச் கத்தினால் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். "கால் பேஸில் இல்லை" என்றால் அது விஷயம். கோச்சை நிறுத்திவிட்டு நீங்களே கூட்டாளியிடம் போங்கள். அவர் பார்த்ததை மட்டும் சொல்லட்டும். தீர்ப்பு மாறினால் முதலில் சொன்னவரே அறிவிக்க வேண்டும். பெரிய தொழில்முறை லீகில் 2014 முதல் பல தீர்ப்புகளுக்கு வீடியோ உண்டு. நமக்கு அது கிடையாது. பெற்றோர் நீட்டும் செல்போனைப் பார்க்கவே வேண்டாம்.

அடுத்த வாரமும் அதே கூட்டாளி. காரை விட்டு இறங்கியதும் மன்னிப்புக் கேட்டேன். "கால் எவ்வளவு விலகியிருந்தது?" என்றார்.

"ஒரு சாண்."

"அப்போ எனக்கு ஒரு ஜாடை காட்டியிருக்கலாமே."

கார் டிக்கி மேல் சாய்ந்துகொண்டு அங்கேயே பேசி முடித்தோம். நான் நெஞ்சில் இரண்டு விரலை வைத்தால், கேளுங்கள், சொல்ல ஒன்று இருக்கிறது என்று அர்த்தம்.