சும்மா இருக்கும்போது விழும் சர்வர்

சென்னையில் ஒரு சர்வர் நின்றுபோனால் பழி முதலில் ஏசி மேல் விழும், அடுத்து கரண்ட் மேல். மே மாத வெயிலையும் மழைக்காலத்து மின்வெட்டையும் பார்த்தவர்கள் அப்படி நினைப்பதில் தப்பில்லை. யூபிஎஸ் பேட்டரியை மாற்றிப் பார்ப்பார்கள், கூட ஒரு ஏசி போடுவார்கள். இதற்கெல்லாம் மசியாத ரகம் ஒன்று உண்டு. அலுவலக நேரத்தில் அத்தனை பேரும் உள்ளே இருக்கும்போது ஒரு குறையும் இல்லாமல் ஓடும். ஞாயிறு விடியற்காலை, ஆளே இல்லாத நேரத்தில் அப்படியே உறைந்துபோகும். ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், வேறொரு கணினியிலிருந்து ‘இருக்கிறாயா’ என்று பிங் செய்தால் மட்டும் பதில் வராது. நடந்ததை எழுதி வைக்கும் லாக்கைத் திறந்தால் கடைசியாக இருப்பது ஏதோ ஒரு சாதாரண க்ரான் வேலை, அதாவது நேரம் வைத்துத் தானாக ஓடும் வேலை. அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை.

கரண்ட் போயிருந்தால் சர்வர் அணைந்திருக்கும், அல்லது ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். சூடுதான் காரணம் என்றால் வேலை அதிகமாக இருக்கும்போதுதானே விழ வேண்டும்? ஆள் இல்லாத நேரத்தில் விழுகிறது என்றால், அந்த நேரத்தில் பிராசஸர் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

பிராசஸர் சும்மா இருப்பதில்லை, தூங்குகிறது. இந்தத் தூக்கத்துக்குப் படிநிலைகள் உண்டு, பெயர் சி-ஸ்டேட். சி0 என்றால் விழித்து வேலை செய்கிறது. சி1-ல் கோரின் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பிரிவு) கடிகாரத் துடிப்பு நிற்கும், மின்சாரம் இருக்கும். சி6-க்குப் போனால் கோர் தன் நிலையை ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டு, வோல்டேஜை ஏறக்குறைய முழுசாகவே துண்டித்துக்கொள்ளும். நெட்வொர்க்கில் ஒரு பாக்கெட் வந்தால் மைக்ரோ நொடிக் கணக்கில் எழுந்து, எழுதி வைத்ததைத் திரும்ப எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஒரு கோர் ஒரே நொடிக்குள் பல தடவை இப்படித் தூங்கி எழும்.

கஷ்டம் எழும்போதுதான். பிராசஸர் சுமார் 1 வோல்ட்டில் ஓடுகிறது. 200 வாட் வேண்டுமென்றால் 200 ஆம்பியர் பாய வேண்டும். தூங்கிக்கொண்டிருந்த கோர்கள் ஒன்றாக எழும்போது கரண்ட் சட்டென்று ஏறும், வோல்டேஜ் ஒரு கணம் இறங்கும். அபார்ட்மென்டில் மோட்டார் போட்டதும் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்குமே, அதேதான். விளக்கு மங்கிவிட்டுச் சரியாகிவிடும். கோர் ஒரு பிட்டைத் தப்பாகப் படித்தால் கதை முடிந்தது. அந்தச் சரிவைத் தாங்க எவ்வளவு வோல்டேஜ் கூடுதலாக வைப்பது, எந்த ஆழம் வரை தூங்க விடுவது என்பதெல்லாம் பெரும்பாலும் ஃபர்ம்வேரின், அதாவது வன்பொருளிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளின், கையில்.

1996-ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஏசிபிஐ விதிமுறைப்படி, எந்தெந்தத் தூக்க நிலைகள் உண்டு என்ற பட்டியலை பயாஸ் (சர்வரை பூட் செய்யும் ஃபர்ம்வேர்) கொடுக்கும், ஆபரேட்டிங் சிஸ்டம் அதிலிருந்து தேர்ந்தெடுக்கும். பட்டியல் தப்பாக இருந்தால் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னல் அதை அப்படியே நம்பும். இதில் ஒரு கூத்து: இன்டெல் சிப்களுக்கு லினக்ஸில் சொந்தப் பட்டியலோடு தனி டிரைவர் இருக்கிறது. அதனால் பயாஸில் சி-ஸ்டேட்டை அணைத்த பிறகும் லினக்ஸ் அதைப் பயன்படுத்திக்கொண்டே இருக்கலாம்.

இன்டெலின் பே ட்ரெயில் சிப்கள் இப்படி உறைந்ததால் லினக்ஸ்காரர்கள் பல காலம் சி1-லேயே கட்டிப்போட்டு ஓட்டினார்கள். 2017-ல் வந்த ஏஎம்டியின் முதல் ரைசன் சிப்களும் சும்மா இருக்கும்போது உறைந்தன. பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல் என்ற அமைப்பை மாற்றியதும் பலருக்குச் சரியானது. எல்லாவற்றையும் விட விசித்திரம் ஏஎம்டியின் எபிக் 7002 என்ற சர்வர் சிப் வரிசை. கடைசியாக ரீசெட் ஆகி ஏறக்குறைய 1044 நாள், அதாவது இரண்டு வருடம் பத்து மாதம் ஆனால், ஒரு கோர் சி6 தூக்கத்திலிருந்து எழாமலே போய்விடலாம். ஏஎம்டியே தன் பிழைப் பட்டியலில் இதை எழுதி, திருத்தும் திட்டமில்லை என்றும் சொல்லிவிட்டது. வழி இரண்டுதான்: அதற்குள் ஒரு தடவை ரீபூட் செய்யுங்கள், அல்லது அந்தத் தூக்கத்தை அணையுங்கள். ஆயிரம் நாள் அப்டைம் என்று ஸ்கிரீன்ஷாட் போடும் நண்பர்கள் கவனிக்க.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? பெரும்பாலான சர்வர்களில் பிஎம்சி என்று தனியாக ஒரு குட்டிக் கணினி இருக்கும். பெரிய பிராசஸர் செத்தாலும் அது விழித்திருக்கும். பவர் சப்ளைக் கோளாறு, வோல்டேஜ் எல்லை மீறியது, மெஷின் செக் பிழை (பிராசஸர் தானே கண்டுபிடித்துச் சொல்லும் வன்பொருள் கோளாறு) எல்லாம் அதன் லாக்கில் தனியாகப் பதிவாகும். முதலில் அங்கே போங்கள். உறைந்த கோரால் டிஸ்க்கில் எழுத முடியாது என்பதால், கர்னலின் கடைசி வார்த்தைகளை சீரியல் கன்சோல் (சீரியல் கேபிள்) அல்லது நெட்கன்சோல் (நெட்வொர்க்) வழியாகப் பக்கத்து மெஷினுக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். இன்னொன்று: பிங்குக்குப் பதில் வருகிறது, ஆனால் லாகின் ஆகவில்லை என்றால், தூங்கிப்போனது என்விஎம்இ டிஸ்க்காக (வேகமான எஸ்எஸ்டி வகை) இருக்கலாம். அதற்கும் தனித் தூக்க நிலைகள் உண்டு.

அப்புறம், சி1-க்குக் கீழே போகாதே என்று பூட் வரியில் கர்னலுக்குச் சொல்லி பூட் செய்யுங்கள். வேறு எதையும் அதோடு சேர்த்து மாற்ற வேண்டாம். வாரம் ஒரு தடவை விழும் சர்வர் இரண்டு நாள் விழாமல் ஓடினால் அது சாட்சி ஆகாது, குறைந்தது ஒரு மாதம் பொறுக்க வேண்டும். அதுவரை விழாமல் ஓடினால் குற்றவாளி தூக்கம்தான். பயாஸ், மைக்ரோகோட் (பிராசஸருக்குள்ளேயே ஓடும் ஃபர்ம்வேர்) இரண்டின் அப்டேட் குறிப்புகளிலும் இதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் போடுங்கள்.

சி1-லேயே நிரந்தரமாக விட்டுவிடுவது எனக்குப் பிடிக்காது. சும்மா இருக்கும் சர்வரும் கூடுதலாக மின்சாரம் குடிக்கும், அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசியும் குடிக்கும். சென்னையில் இது இரட்டைச் செலவு. போதாததற்கு, பக்கத்துக் கோர்கள் ஆழ்ந்து தூங்கினால்தான் ஒரு கோரால் டர்போவில், அதாவது வழக்கமான வேகத்தைத் தாண்டி, உச்ச வேகத்தைத் தொட முடியும். எனவே ஃபர்ம்வேரைப் புதுப்பித்ததும் அந்தக் கர்னல் வரியை எடுத்துவிட்டு, கோர்கள் உண்மையிலேயே சி6-க்குப் போய் வருகின்றனவா என்று டர்போஸ்டாட் என்ற லினக்ஸ் கருவியில் ஒரு பார்வை பாருங்கள்.