முதல் கைத்துப்பாக்கி: கடைக்குப் போவதற்கு முன்

"அண்ணா, க்ளாக் 19 வாங்கட்டுமா, சிக் பி365 வாங்கட்டுமா?"

வாட்ஸப்பில் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். டெக்சாஸில் டாலஸுக்கு வடக்கே உள்ள ஒரு புறநகரில் வார இறுதிகளில் கைத்துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கிறேன். மற்ற ஐந்து நாளும் எல்லோரையும் போல லேப்டாப்தான். 2020-க்குப் பிறகு நம்மவர்கள் வருவது கூடிவிட்டது. பெரும்பாலும் யூட்யூபை நாள்கணக்கில் பார்த்து, மாடலை முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள். ஆமோதிக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன்: "தம்பி, நீங்க என்ன விசாவுல இருக்கீங்க?"

கேட்டதும் ஒரு நிமிடம் பதில் வராது. பலருக்கு இந்தச் சட்டம் ஒன்று இருப்பதே தெரியாது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் நம்மவர்களுக்குப் பொருந்தக்கூடியது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். 'வைத்திருப்பது' என்றால் காசு கொடுத்து வாங்குவது மட்டும் இல்லை. ரேஞ்சில், அதாவது துப்பாக்கி சுடும் பயிற்சிக்கூடத்தில், வாடகைக்கு எடுத்துப் பத்து ரவுண்டு சுட்டாலும் அந்தக் கணக்கில் வரும். ஆபீஸ் நண்பர்களோடு ஜாலியாகப் போய்ச் சுட்டு, இன்ஸ்டாவில் படமும் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். கிரீன் கார்டு கைக்கு வந்தவருக்கு இந்தத் தடை கிடையாது.

இதெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு ரெஹைஃப் வழக்கைச் சொல்வேன். மாணவர் விசாவில் வந்து, மதிப்பெண் குறைந்ததால் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் ஒன்றில் இருந்து நீக்கப்பட்டவர் அவர். நாட்டைவிட்டுப் போகாமல் தங்கி, ஒரு ரேஞ்சில் துப்பாக்கி சுட்டார். பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை விழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தன் குடியேற்ற நிலை அவருக்கே தெரிந்திருந்ததா என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-ல் தீர்ப்பானது. தீர்ப்பு அவர் பக்கம்தான். ஆனால் அதுவரை அவர் பட்ட பாடு? இன்று இந்தப் பிரிவுக்கு உச்சபட்சத் தண்டனை பதினைந்து வருடம்; 2022-ல்தான் அதைக் கூட்டினார்கள். உங்கள் விசா நிலையில் சின்னச் சந்தேகம் இருந்தாலும் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். கடைக்காரரிடம் கேட்காதீர்கள், என்னிடமும் கேட்காதீர்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு வில்லங்கம். "எனக்குத்தானே விசா பிரச்சினை, சிட்டிசன் நண்பன் பேரில் வாங்கிக்கிறேன்" என்று ஒருவர் சாதாரணமாகச் சொன்னார். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில், உண்மையாக வாங்குபவர் நீங்கள்தானா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதில் பொய் சொன்னால் நண்பனும் மாட்டுவான், நீங்களும் மாட்டுவீர்கள். மனைவி குடிமகள், கணவர் எச்-1பி என்றால் அதிலும் கவனம் வேண்டும். மனைவி பெயரில் முறையாக வாங்கியதே ஆனாலும், துப்பாக்கிப் பெட்டியின் சாவி இருக்கும் இடமோ பூட்டு எண்ணோ கணவருக்குத் தெரிந்தால் அது அவருடைய கையிலும் இருப்பதாக வாதிட முடியும். அப்புறம் கஞ்சா. பக்கத்து மாநிலத்தில் அது சட்டப்படி கிடைக்கலாம். கூட்டரசுப் படிவத்தில் அந்தக் கதை செல்லாது, பயன்படுத்துபவர் வாங்கக்கூடாது.

சரி, காகிதம் சுத்தம். அடுத்த கேள்வி: எதற்கு?

"வீட்டுப் பாதுகாப்புக்கு அண்ணா. நம்ம ஆளுங்க வீட்டுல நகை இருக்கும்னு திருடனுக்குத் தெரிஞ்சுபோச்சு." இந்தப் பயம் நியாயமானது. ஆனால் நகைக்காக வருபவன் பெரும்பாலும் நீங்கள் கோவிலுக்கோ கல்யாணத்துக்கோ போன நேரம் பார்த்துத்தான் வருவான். ஆளில்லாத வீட்டில் உங்கள் துப்பாக்கி அவனுக்குக் கிடைக்கும் இன்னொரு பொருள். நகையை வங்கி லாக்கரில் வையுங்கள், அலாரம் போடுங்கள், பின்கதவின் தாழ்ப்பாளை மாற்றுங்கள் என்று சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடும். துப்பாக்கி வாங்கும் ஆசையோடு வந்தவனிடம் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசினால் அப்படித்தான்.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்பேன். பத்து வயதுப் பையன் இருந்தால், "பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிடுவேன்" என்ற பேச்சு என்னிடம் எடுபடாது. நாம் அந்த வயதில் பீரோவில் எது எங்கே இருந்தது என்று தெரியாமலா இருந்தோம்? தீபாவளிப் பலகாரத்தை அம்மா எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்தவர்கள் நாம். டெக்சாஸில் பதினேழு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் கைக்கு, சுடும் நிலையில் துப்பாக்கி எட்டும்படி அலட்சியமாக வைத்தால் பெற்றவர் மீது வழக்குப் போடச் சட்டம் இருக்கிறது. வழக்கை விடுங்கள். பிள்ளை?

இன்னொன்றையும் நான் கேட்காமல் விடுவதில்லை. கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வேன். வீட்டில் யாராவது மன அழுத்தத்தில் இருக்கிறார்களா, வேலை போய், தூக்கம் போய், தனியாக உட்கார்ந்திருக்கிறார்களா, காலேஜ் பிள்ளை முன்போல் பேசுவதில்லையா? அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. கொலையைவிடத் தற்கொலை அதிகம் என்பது செய்தி பார்த்தே பழகிய நமக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். மனத்தின் கொந்தளிப்பு பல நேரம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். கையில் துப்பாக்கி இருந்தால் அந்தச் சில மணி நேரம் கிடைக்காது. ஒருமுறை ஒருவர், மாதக்கணக்கில் வேலை இல்லாமல் இருப்பதைச் சொல்லிவிட்டு, "தலை சரியில்லை அண்ணா" என்று சிரித்தார். அன்று வகுப்பு எடுக்கவில்லை. காபி குடித்தோம், 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அவர் போனில் நானே பதிந்து கொடுத்தேன். அவர் துப்பாக்கி வாங்கவில்லை. இன்றும் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறார்.

இத்தனையும் தாண்டி வந்தால்தான் க்ளாக்கா சிக்கா என்ற பேச்சு. அங்கேயும் நான் முதலில் பார்ப்பது கையை.

பல வருடம் முன்பு ஒரு தம்பதி வந்தார்கள். மனைவிக்கென்று கடையில் ஓர் ஐந்து குண்டு ரிவால்வரைக் கொடுத்திருக்கிறார்கள். சின்னது, லேசு, நானூறு கிராம் சொச்சம். "லேடீஸுக்கு இதுதான் சார், ஜாம் ஆகாது" என்று கடைக்காரர் சொன்னாராம். அந்த அம்மா முதல் ரவுண்டு சுட்டார். இரண்டாவது சுடமாட்டேன் என்று மேசையில் வைத்துவிட்டார். கை எரிந்து கண் கலங்கியிருந்தது. ட்ரிகரை இழுக்கவே ஐந்து கிலோ அழுத்தம் வேண்டும், அதை இழுப்பதற்குள் குழல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். குண்டு இலக்குத் தாளிலேயே படவில்லை. கணவருக்குக் கோபம், அந்த அம்மாவுக்கு அவமானம். தப்பு இருவர் மேலும் இல்லை.

சின்னத் துப்பாக்கி என்றால் சுலபம் என்று நினைக்கிறோம். உண்மை தலைகீழ். ஒரே தோட்டாதான்; ஆனால் 670 கிராம் எடையுள்ள க்ளாக் 19 விழுங்கிக்கொள்ளும் உதைப்பை, 500 கிராம் பி365 உங்கள் மணிக்கட்டுக்கு அனுப்பிவிடும். ரூகர் எல்சிபி போல 270 கிராமுக்கு இறங்கினால் .380 என்ற சின்னத் தோட்டாவே கையில் அறையும். பாக்கெட்டில் அடங்கும் துப்பாக்கிகள் கைதேர்ந்தவர்களுக்கு. வீட்டில் வைக்கப்போகிற முதல் துப்பாக்கி பாக்கெட்டில் அடங்க வேண்டிய அவசியம் என்ன?

பிடித்துப் பார்க்கும்போது, குழலும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் இருக்க, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள பள்ளம் பிடியின் உச்சியில் உட்கார வேண்டும். அப்படிப் பிடித்தபடியே ஆட்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகருக்கு எட்ட வேண்டும். எட்டுவதற்காகக் கையைச் சுற்றித் திருப்ப வேண்டியிருந்தால் அது உங்கள் துப்பாக்கி இல்லை, எவ்வளவு பேர்பெற்ற மாடலாக இருந்தாலும் சரி. அடுத்தது ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை, பின்னால் இழுப்பது. இதில்தான் நம் பெண்கள் பலர் "எனக்குப் பலம் இல்லை" என்று கைவிடுவார்கள். இரண்டு விரலால் கிள்ளி இழுப்பதால் வரும் வினை அது. இடது உள்ளங்கையால் ஸ்லைடை மேலிருந்து மூடிப் பிடித்து, வலது கையால் பிடியை முன்னால் தள்ளுங்கள். ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். மூட்டுவலி உள்ளவர்களுக்கென்றே மெதுவான ஸ்பிரிங்கோடு எம் அண்ட் பி ஷீல்டு ஈசி போன்றவை இருக்கின்றன.

தோட்டா எது என்று நீட்டி முழக்கத் தேவையில்லை, 9 மி.மீ. எடுங்கள். எஃப்.பி.ஐ.யே பெரிய தோட்டாக்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டு இதற்குத்தான் திரும்பி வந்தது. ஆனால் கற்றுக்கொள்ள .22 என்ற சின்னத் தோட்டாவைப் போல ஆசான் கிடையாது. உதைப்பு இல்லை, சத்தம் குறைவு, தோட்டா விலை 9 மி.மீ.யில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். முதல் நூறு ரவுண்டை .22-ல் சுட்டவர்களுக்குக் கண் இமைப்பதும், சுடும் நொடியில் கையை முன்னால் தாழ்த்துவதும் பழக்கமாகாது. பெரியதில் தொடங்கியவர்களிடம் இருந்து அந்தப் பழக்கத்தை எடுக்க எனக்கு மூன்று வகுப்பு பிடிக்கும்.

பல ரேஞ்சுகளில் வாடகைத் துப்பாக்கிகள் இருக்கும். நான்கு ஐந்து மாடலை ஒரே நாளில் சுட்டுப் பாருங்கள். போகும்போது கழுத்தை மூடிய டீ-ஷர்ட் போட்டுப் போங்கள். அகலக் கழுத்துச் சட்டைக்குள் சூடான காலி உறை விழுந்து, கையில் துப்பாக்கியோடு துள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கே ஒருமுறை விழுந்திருக்கிறது, தழும்பு இருக்கிறது. உள்ளரங்க ரேஞ்சில் காதுக்குள் அடைப்பானும் அதன்மேல் மூடியும் என இரண்டும் போடுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். கையில் ஈயம் இருக்கும்.

துப்பாக்கியின் உள்ளமைப்பில் ஒன்றே ஒன்றை மட்டும் முதல் நாளே மனத்தில் பதிய வைப்பேன். மேகசினை, அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாக் கூட்டை, உருவிவிட்டால் துப்பாக்கி காலி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மேகசின் வெளியே வந்த பிறகும், குழலின் பின்முனையில் உள்ள சேம்பரில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். முதலில் மேகசினை எடுக்க வேண்டும், பிறகு ஸ்லைடை இழுத்துத் திறந்து வைக்க வேண்டும், பிறகு கண்ணாலும் பார்த்துச் சுண்டுவிரலை விட்டும் தொட்டுப் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் கதை கெட்டது: மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்தால் அது அடுத்த தோட்டாவை மேலே ஏற்றிவிடும். க்ளாக்கைச் சுத்தம் செய்யக் கழற்றும் முன் ட்ரிகரை ஒருமுறை இழுத்தாக வேண்டும்; சேம்பரைப் பார்க்காமல் இழுத்துச் சுவரில் ஓட்டை போட்டவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். சுவரோடு போனது அவர்கள் அதிர்ஷ்டம். அந்தப் பயம் இருப்பவர்கள், ட்ரிகரை இழுக்காமலே கழற்றக்கூடிய மாடலைப் பாருங்கள்.

பணக் கணக்கில் துப்பாக்கி ஐந்நூறு அறுநூறு டாலர் என்றால், அதோடு பூட்டுப்பெட்டி, காது மூடி, கண்ணாடி, ஆயிரம் ரவுண்டு, ஒரு வகுப்பு எல்லாம் சேர்த்து இன்னொரு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணம் இப்போது இல்லையென்றால் துப்பாக்கியையும் தள்ளிப்போடுங்கள்.

அந்தத் தம்பதி மறுபடி வந்தார்கள், ஆறு மாதம் கழித்து. ரிவால்வரை விற்றுவிட்டிருந்தார்கள். இந்த முறை கணவர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அது என் நிபந்தனை. அந்த அம்மா ரூகர் மார்க் 4 என்ற .22 துப்பாக்கியில் ஐம்பது ரவுண்டு சுட்டார், பிறகு 9 மி.மீ.யில் நான்கு மாடல். அவர் தேர்ந்தெடுத்தது எங்கள் யாருடைய பட்டியலிலும் இல்லாத ஒன்று. "இதுதான் கையில ஒட்டுது" என்றார். கணவர் உடனே காரைக் கடைக்கு விடத் தயாராகிவிட்டார். அந்த அம்மாதான் நிறுத்தினார்.

"பெட்டி வந்து தரையில போல்ட் போடட்டும், அப்புறம் போலாம்."

பெட்டி வர மூன்று வாரம் ஆனது. போல்ட் போட டிரில் என்னிடம்தான் வாங்கிப் போனார்கள். இன்னும் திருப்பித் தரவில்லை.